அஞ்சும் ஒண்ணும்

ஒற்றைக் கதவைத் திறந்தால் இரண்டடி ஓர் அங்குலம். பெட்டியின் அகலம் இரண்டடி இரண்டு என்று காலையிலேயே தொலைபேசியில் கேட்டு வைத்திருந்தார் பெரியவர். ஓர் அங்குலம் இடித்தது. நாடாவின் பித்தளை முனையை மகளின் கையில் கொடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, இன்னொரு முறை அளந்தார்.

"நேராப் பிடிம்மா. சாயுது பார்."

"அப்பா, பெட்டி வரட்டுமே. வந்தப்புறம் பார்த்துக்கலாம்."

"வந்தப்புறமா? பெட்டியைச் சாய்ச்சுக்கிட்டு நாம தடுமாறுறதைத் தெருவே நின்னு பார்க்கணுமா?"

இன்னொரு கதவு கடைசியாகத் திறந்தது மகளின் கல்யாணத்தன்று. அதன் பிறகு மூன்று தடவை வண்ணம் பூசியதில் மேல் தாழ்ப்பாள் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பெரியவருக்கு எண்பத்திரண்டு வயது. நில அளவைத் துறையில் முப்பத்தெட்டு வருடம். அவர் போட்ட எல்லைக் கல்லை இன்னொருவர் வந்து அளந்து மாற்றி நட்டதாகச் சரித்திரம் இல்லை. அப்படிப்பட்டவர், சொந்த வீட்டு வாசலில் தங்கையின் பெட்டி இடிக்க விடுவாரா?

எதிர்வீட்டு டெய்லர் எண்ணெய்க் கிண்ணத்தோடு ஸ்டூலில் ஏறி நின்றார். தையல் மிஷினுக்கு விடுகிற எண்ணெய். எழுபத்தைந்து வயதில் அவர் ஸ்டூலில் ஏறுவதே ஒரு காட்சி.

"விழுந்து வைக்காதய்யா. ஒரே நாள்ல ரெண்டு பெட்டிக்குச் சொல்ல முடியாது" என்றார் பெரியவர்.

"உங்க தங்கச்சி இருந்தா இந்நேரம் என்ன சொல்லியிருக்கும் தெரியுமா? 'எனக்கு ஜுரம்'னு சொல்லிட்டு மாடிக்குப் போயிருக்கும்."

மகள் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, சட்டென்று கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே அத்தை வெள்ளைப் போர்வைக்குள் படுத்திருந்தாள். பிடிக்காத வேலை எதுவானாலும், பாத்திரம் தேய்ப்பதானாலும் பார்க்கப் பிடிக்காத உறவு வீட்டுக்குப் போவதானாலும், அவள் சொல்லும் சாக்கு அது ஒன்றுதான். எனக்கு ஜுரம். நெற்றியைத் தொட்டுப் பார்த்தால் சில்லென்று இருக்கும். அதைக் கேட்டால் வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள், பெரியவர் ஒருவரைத் தவிர.

நேற்று மாலை நாலரை மணிக்குப் போனாள். எழுபத்து நாலு வயது. ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தெருவைத் தோண்டிப்போட்டுவிட்டு மூடாமல் போன குழாய்க்காரர்களைப் பற்றிப் பெரியவர் முக்கால் மணி நேரம் பேசினார். அவள் 'ம்' கொட்டினாள். அவர் பேசி முடித்து, எழுந்து, மாடியிறங்கி, கூடத்தைத் தாண்டிச் செருப்பை மாட்டுகிற வரைக்கும் இருந்தாள். திரும்பி வந்து பார்த்தபோது இல்லை. எதிர்முனையில் இருப்பவர் பேசி முடித்து வைத்த பிறகுதான் தன் பக்கத்தைத் துண்டிக்க வேண்டும் என்பது அவள் பார்த்த தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் வேலையில் முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற பாடம். ஓய்வு பெற்ற பிறகும் அதை அவள் விட்டதில்லை.

"என்கிட்ட அளவு கொடுத்த ஒரு கூத்தைச் சொல்லவா?" டெய்லர் ஸ்டூலின் மேலிருந்தே ஆரம்பித்தார். "சட்டைக்குச் சுற்றளவு எவ்வளவும்மான்னு கேட்டேன். 'முப்பத்து அஞ்சும் ஒண்ணும்'னு சொன்னாங்க. முப்பத்தஞ்சுன்னு காதுல விழுந்துது, வெட்டிட்டேன். போட்டுப் பார்த்துட்டு வந்து, 'அந்த ஒண்ணு எங்கே?'ன்னு நிக்கிறாங்க. ஆறுன்னு சொல்லித் தொலைச்சா என்ன? ஆறுன்னு ஒரு எண்ணு உலகத்துலயே இல்லாத மாதிரி!"

"அஞ்சுமொண்ணு அத்தை" என்று மகள் சொன்னாள். சின்ன வயதில் அவள் வைத்த பெயர்தான். அஞ்சுக்கும் ஏழுக்கும் நடுவில் அத்தைக்கு எப்போதும் 'அஞ்சும் ஒண்ணும்'தான். கடையில், பேருந்தில், மருந்துச் சீட்டில், எங்கேயும்.

தாழ்ப்பாள் 'டக்' என்று விட்டது. கதவு முனகிக்கொண்டே திறந்தது. பெரியவர் மீண்டும் அளந்தார். நாலடி இரண்டு. நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

உறவுக்காரர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். சம்பந்தி, தன் வழக்கப்படி யாரிடமும் சொல்லாமல் முன்வரிசை நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டார். இந்த வீட்டில் யார் போனாலும் பெட்டி வாசல் தாண்டுவதற்கு முன் பெரியவர் நாலு வார்த்தை பேசுவார். அவருடைய அப்பா பேசினார், அதற்குமுன் தாத்தா. அது எழுதிப் படிக்கிற பேச்சு. காலையிலேயே இரண்டு பக்கம் எழுதியாகிவிட்டது. எழுத்துப்பிழை பார்க்க மகளிடம் கொடுத்தார்.

அவள் சமையலறை வாசலில் நின்றபடி படித்தாள். முதல் பக்கம் முழுக்கத் தாத்தா. இரண்டாம் பக்கத்தில் அப்பா, அவர் கட்டிய வீடு, அவர் கையெழுத்துக்கு இருந்த மதிப்பு. கடைசியில்தான் அத்தை வந்தாள்.

"'அமைதியான குணம் உடையவள். வீட்டோடு இருந்தவள்.' என்னப்பா இது?"

"ஏன், எழுத்துப்பிழையா?"

"வீட்டோடவா இருந்தாங்க? முப்பத்தொரு வருஷம் எக்ஸ்சேஞ்சுக்குப் போனவங்கப்பா. ஊர்ல பாதிப் பேரை இன்னொரு பாதியோட பேச வச்சவங்க."

"பெத்தவங்க வீட்டுலயே கடைசி வரைக்கும் இருந்தா. அந்த அர்த்தத்துல எழுதினேன்."

"கேக்குறவங்களுக்கு அந்த அர்த்தம் வராது. வேலைக்குப் போனாங்கன்னு ஒரு வரி போடுங்க."

"நம்ம வீட்டுப் பொண்ணுங்க வேலைக்குப் போனதை மேடை போட்டுச் சொல்ற பழக்கம் கிடையாது."

"நானே வேலைக்குத்தாம்பா போறேன்."

"நீ இன்னும் சாகலையே" என்றார் பெரியவர். சொன்ன பிறகு அவருக்கே என்னவோபோல் இருந்தது. தாளை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மூன்றரை மணிக்கு வண்டி வந்தது. ஓட்டுநருக்கு நாற்பது வயதிருக்கும். வெளுத்த நீலச் சட்டை, நன்றாகத் துடைத்த காலணி. பெட்டியை இறக்கி, இரண்டு கதவும் திறந்திருப்பதைப் பார்த்து, "அப்பாடா" என்றார். "பாதி வீட்டுல இந்த இடத்துலதாங்க எங்க உயிர் போகும்."

பெரியவருக்கு அது பிடித்திருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

"எத்தனை மணிக்கு எடுக்கணும்?" என்று மகள் கேட்டாள்.

"அஞ்சடிச்சதும் எடுத்துடலாம்மா. மயானத்துல கேட்டை மூடிடுவாங்க. அஞ்சும் ஒண்ணும் மணிக்குள்ள மண்ணு போட்டாகணும்."

மகள் அப்படியே நின்றாள். பிறகு சிரித்தாள். "என்னங்க, எங்க அத்தை மாதிரியே சொல்றீங்க!"

"எதைம்மா?"

"ஆறுன்னு சொல்லாம, அஞ்சும் ஒண்ணும்னு."

"ஓ, அதுவா?" ஓட்டுநர் வெட்கப்பட்டவர்போல் பின்கழுத்தைத் தடவிக்கொண்டார். "எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தாம்மா. இங்கேர்ந்து ஆத்தோரமா இருபது மைல் கீழே. மத்ததுக்கெல்லாம் ஆறுன்னுதான் சொல்வோம். மணிக்கு மட்டும் அஞ்சும் ஒண்ணும். வெளியூர்க்காரங்க சிரிப்பாங்க. உங்க அத்தை எங்க ஊருங்களா?"

"இல்லையே. ஏன் அப்படிச் சொல்றீங்க உங்க ஊர்ல?"

"அது பெரிய வெள்ளம் வந்துதுல்ல, நான் பொறக்கறதுக்கு முன்னாடி? எங்க ஊர்ல அப்ப ஒரே ஒரு போன், சோடாக் கடையில. மத்தியானம் மணி அடிச்சுதாம். ஒரு பொண்ணு பேசிச்சாம். 'அஞ்சும் ஒண்ணும் மணிக்குள்ள ஆறு வந்துடும், எல்லாரும் மேட்டுக்குப் போங்க'ன்னு. சோடாக் கடைக்காரர் தெருத் தெருவா அதையே கத்திக்கிட்டு ஓடினாராம். எங்கம்மா எங்க அக்காவை இடுப்புல தூக்கிக்கிட்டு ஏறினாங்க. ஊர்ல ஒரு வீடு நிக்கல. ஆனா ஒரு ஆள் போகல. அதுலேர்ந்து அந்த வார்த்தை அப்படியே நின்னுபோச்சு."

"யாரு அந்தப் பொண்ணு?"

"யாருக்குத் தெரியும்? அப்புறம் கேட்டா, பொண்ணெல்லாம் இல்ல, அங்க இருந்த மேற்பார்வையாளர்தான் பேசினார்னு பேப்பர்ல போட்டுட்டாங்களாம். அவருக்கு மெடல் கொடுத்து, ஒரு தெருவுக்கு அவர் பேரும் வச்சாங்க. எங்கம்மா மட்டும் சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. 'பேப்பர்காரன் கிடக்கான், ஆம்பளைக் குரலுக்கும் பொம்பளைக் குரலுக்கும் சோடாக் கடைக்காரருக்கு வித்தியாசம் தெரியாதா'ன்னு."

மகள் திரும்பினாள். "அப்பா, அத்தை எங்கேர்ந்துப்பா பிடிச்சாங்க அந்த வார்த்தையை?"

பெரியவர் கதவின் கீழ்த் தாழ்ப்பாளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதில் பார்க்க ஒன்றுமில்லை.

"தெரியல" என்றார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மாடிக்கு ஏறினார்.

தங்கையின் அறையில் ஜன்னல் திறந்திருந்தது. நாற்காலியின் முதுகில் அவளுடைய பழுப்புச் சால்வை. மேஜையில் பென்சில் நாலு, ஒரே நீளத்தில் சீவியவை. சுவர்க் கடிகாரத்தில் ஆறு இருக்கும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. பெரியவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

நாற்பத்தாறு வருடம் ஆகிறது. எக்ஸ்சேஞ்சில் அவளுக்கு மூன்று மணி ஷிப்டு. பத்து நிமிடம் முன்னதாகவே போனாள். மேற்பார்வையாளர் சிரித்துக்கொண்டிருந்தாராம். 'கேட்டியாம்மா வேடிக்கையை? அணைக்கட்டுக் காவல்காரன் கூப்பிட்டான். ஆறு வருது, ஆறு வருதுன்னு கத்திட்டு வச்சுட்டான். ஆறாம் நம்பர் லைன்ல போட்டுப் பார்த்தேன், மரமில்லுல எடுத்து, நாங்க கூப்பிடவே இல்லையேங்கறான். குடிச்சிருப்பான் போல.' சொல்லிவிட்டு ஏதோ ஒரு விருந்துக்குக் கிளம்பிப் போய்விட்டார். அவருக்கு ஆறு என்றால் எண். எக்ஸ்சேஞ்சின் இணைப்புப் பலகையில் வருகிற எல்லாமே எண்தான். வெளியே மழை பிடித்து நாலு நாள் ஆகியிருந்தது. அவள் ஆபரேட்டரின் காதுக்கருவியை மாட்டுவதற்கு முன்பே எந்த ஆறு வருகிறது என்று புரிந்துகொண்டாள்.

கரையோரம் ஏழு ஊர்கள். தண்ணீர் வந்து சேரும் நேரத்தைக் கணக்குப் போட்டு, முதல் ஊரைப் பிடித்து, 'ஆறு மணிக்குள்ள ஆறு வந்துடும்' என்றாள். எதிர்முனையில், 'ஆறு மணிக்கு யாரும்மா வர்றாங்க?' என்று கேட்டார்கள். இரண்டு நிமிடம் வீணாகிவிட்டது. இரண்டாவது ஊரிலிருந்து அவள் ஆறு என்ற சொல்லை ஆற்றுக்கு மட்டும் வைத்துக்கொண்டாள்.

இது அவ்வளவும் பெரியவருக்குத் தெரியும். அவளே சொன்னாள், ஒரே ஒரு தடவை. அவளுடைய வார்த்தை இருபது மைல் தாண்டிப் போய், ஒரு ஊரில் பிழைத்துக் கிடக்கிறது என்பதுதான் தெரியாது. அவளுக்கும் தெரிந்திருக்காது.

அன்று இரவு ஆறு இன்னும் ஏறி, மேட்டில் இருந்த இந்த ஊருக்குள்ளும் வந்தது. எக்ஸ்சேஞ்சின் கீழ்த்தளம் முழுகியது. அவள் மாடியில் இருந்தாள், தனியாக. பெரியவர் தெருமுனையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று அந்த ஜன்னலில் எரிந்த லாந்தர் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தாண்ட முடியவில்லை. விடிகிற வரை நின்றார். வெளிச்சம் இருக்கிறவரை அவள் இருக்கிறாள் என்று அர்த்தம். அவர் வாழ்நாளில் அப்படி எதையும் பார்த்துக்கொண்டு நின்றதில்லை.

மூன்றாம் நாள் ஒரு பத்திரிகைக்காரர் வீட்டு வாசலுக்கு வந்தார். அதற்கு அடுத்த வாரம் அவளைப் பெண் கேட்டு நல்ல குடும்பத்திலிருந்து வருவதாக இருந்தது. ஒரு கல்யாணமாகாத பெண் ராத்திரி முழுக்க ஓர் ஆபீஸ் கட்டிடத்தில் இருந்தாள் என்று அச்சில் வந்தால், அடுத்த கேள்வி யாரோடு என்பது. முப்பத்தாறு வயதில் பெரியவருக்கு அது மட்டும்தான் கண்ணில் தெரிந்தது. "எங்க வீட்டுப் பொண்ணு அன்னைக்கு வேலைக்கே போகல. ஜுரத்துல படுத்திருந்தா. யாரோ உங்களுக்குத் தப்பாச் சொல்லிட்டாங்க" என்றார். அவள் அந்த ஆளுக்குக் கொடுக்கத் தண்ணீர் எடுத்துக்கொண்டு கதவருகே வந்து நின்றிருந்தாள். தண்ணீரைக் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டுப் போனார்.

அழவில்லை, சண்டை போடவில்லை. சாயங்காலம் வந்து கேட்டாள்: "அண்ணா, நாளைக்கு நான் வேலைக்குப் போகலாமா? இல்ல, இன்னும் ஜுரமா?"

பெண் கேட்டு வந்தவர்கள் காபி குடித்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு வேறு இடத்தில் அமைந்துவிட்டது. மெடல் வாங்கிய மேற்பார்வையாளர் ஒருநாள் கூனிக் குறுகிக்கொண்டு வந்து நின்றார். "வச்சுக்கங்க சார். எனக்குத்தான் அன்னைக்கு ஜுரமாச்சே" என்று சொல்லி அனுப்பினாள். அந்த மனிதரும் போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. பிள்ளைகுட்டி கிடையாது. அவர் பெயர் வைத்த தெரு வழியாகத்தான் அவள் கடைசிவரை வேலைக்குப் போய் வந்தாள், ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு. நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள், அண்ணன் மகளைத் தன் மகளாக வளர்த்தாள். அவளுக்கு எதிலும் குறை இருந்ததாகத் தெரியவில்லை. அதுதான் பெரியவருக்குச் சங்கடமாக இருந்தது. குறை சொல்லியிருந்தால் எப்போதோ ஒருநாள் பதில் சொல்லியிருப்பார்.

கீழேயிருந்து மகள் கூப்பிட்டாள். "அப்பா, அஞ்சாகப் போகுது."

கூடம் நிறைந்திருந்தது. பெட்டிக்குள் தங்கை கொஞ்சம் இடதுபக்கம் தலை சாய்த்திருந்தாள், காதுக்கருவி அந்தப் பக்கம் இருப்பதுபோல. பெரியவர் பெட்டியின் தலைமாட்டில் போய் நின்றார். தாளைப் பிரித்தார். தொண்டையைச் செருமினார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். சம்பந்தி மட்டும், முட்டிவலியால், உட்கார்ந்திருந்தார்.

"இந்த வீட்டைப் பத்தி உங்க எல்லாருக்கும் தெரியும். எங்க தாத்தா..." என்று ஆரம்பித்து, நிறுத்தினார். தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திரும்பவும் நாலாக மடித்தார்.

"இதுல என் தங்கச்சி வீட்டோட இருந்தவன்னு எழுதியிருக்கேன். தப்பு."

மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"முப்பத்தெட்டு வருஷம் ஊரையெல்லாம் அளந்தேன். என் கணக்குல ஒரே ஒரு தப்புதான். அது தெரிஞ்சே பண்ணினது. வெள்ளம் முடிஞ்சு ஒரு பத்திரிகைக்காரர் இதோ இந்த வாசல்ல நின்னார். என் தங்கச்சிக்கு ஜுரம்னு அவர்கிட்ட சொன்னேன். அவளுக்கு ஜுரம் இல்ல. அன்னைக்கு அவதான் போர்டுல இருந்தா. கீழே இருக்கிற ஏழு ஊருக்கும் போன் போட்டுச் சொன்னது இவதான். விடிய விடிய அந்த மாடியில இருந்தா. தனியா இருந்தா."

'தனியா' என்ற சொல்லை அவர் அழுத்திச் சொன்னார். சம்பந்தியைப் பார்த்தே சொன்னார்.

"எங்க வீட்டு கௌரவம்னு நெனைச்சு நான் மறைச்சேன். நான் எதை மறைச்சேனோ, அதுதான் எங்க கௌரவம். அவ்வளவுதான்."

அடுப்பங்கரையில் யாரோ திறந்துவிட்ட குழாயை மூட மறந்திருந்தார்கள். அந்தச் சத்தம் கேட்டது. சம்பந்தி நாற்காலியின் கையை ஊன்றி, மெதுவாக, முட்டி வலிக்க எழுந்து நின்றார்.

"சட்டையில அந்த ஒரு அங்குலம் எங்க போச்சுன்னு எனக்கு இப்பதான்யா தெரியுது" என்றார் டெய்லர், யாரிடமும் சொல்லாததுபோல. ஒரு மூலையில் யாரோ சிரித்து, மூக்கைச் சிந்தினார்கள்.

ஓட்டுநர் வாசலில் நின்றிருந்தார். வழக்கமாக அவர் வண்டியை விட்டு நகர்வதில்லை. இப்போது உள்ளே வந்தார்.

"ஐயா... அந்தப் பொண்ணா இவங்க?"

"ஆமா தம்பி."

ஓட்டுநர் பெட்டிக்குள் ஒரு முறை பார்த்தார். பிறகு, தூக்கத் தயாராக நின்ற உறவுக்காரப் பையனின் தோளைத் தொட்டு நகர்த்தி, தலைமாட்டுப் பக்கம் தானே பிடித்தார். பெட்டி இரண்டு கதவுக்கும் நடுவில், எந்தப் பக்கமும் உரசாமல், நேராகப் போயிற்று.

வண்டியில் பெரியவர் முன்னால் உட்கார்ந்தார். வழியெல்லாம் ஓட்டுநர் தொலைபேசியில் பேசவில்லை, பாட்டுப் போடவில்லை. மயானத்து வாயிலில் இறங்கும்போது மட்டும், "அவங்க பேரை ஒரு தாள்ல எழுதிக் கொடுங்கய்யா. அக்காகிட்ட காட்டணும்" என்றார். பெரியவர் சட்டைப்பையிலிருந்து அந்த இரண்டு பக்கத் தாளை எடுத்தார். தாத்தாவும் அப்பாவும் உள்பக்கம் போகும்படி மடித்து, வெளிப்பக்கத்து வெற்றிடத்தில் தங்கையின் பெயரை எழுதினார். கீழே, 'தொலைபேசி எக்ஸ்சேஞ்ச்' என்றும் எழுதினார். எழுத்து எப்போதும்போல் முத்து முத்தாக இருந்தது.

குழி தயாராக இருந்தது. ஈர மண் இரண்டு பக்கமும் குவிந்திருந்தது. வெட்டினவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"ஆறடி சரியா வெட்டியிருக்கேங்க."

"பார்த்துடலாம்" என்றார் பெரியவர்.

பைக்குள்ளிருந்து நாடாவை எடுத்தார். மகள் மறுமுனையை வாங்கி மேட்டின் விளிம்பில் பிடித்துக்கொண்டாள். அவர் முட்டி போட்டு உட்கார்ந்து, பித்தளை முனையைக் கீழே விட்டார். அது தரையைத் தொடுகிற மெல்லிய சத்தம் கேட்கிற வரை விட்டார். நாடாவை இழுத்து விறைப்பாக்கி, விளிம்பு தொட்ட இடத்தில் கட்டைவிரலை அழுத்தி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். சுற்றியிருந்தவர்கள் காத்திருந்தார்கள்.

"எவ்வளவுப்பா?"

"அஞ்சும் ஒண்ணும்" என்றார் பெரியவர்.

நாடாவை மேலே இழுத்தார். முனையில் ஒட்டியிருந்த மண்ணைச் சட்டை நுனியால் துடைத்தார். நிதானமாக, ஒரு சுற்றுக்கூடப் பிசகாமல் சுருட்டினார். மயானத்து வாயிலை மூட இன்னும் இருபது நிமிடம் இருந்தது.